பின்கதவால் ஒரு கோல்ஃப் மைதானம்

கோல்ஃப் மைதானத்துக் குழி ஓரிடத்தில் இருக்காது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? விடிய ஐந்தே முக்கால். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. திருகோணமலையின் சீனக்குடாவில், என் கால் இதுவரை மிதித்ததிலேயே மெத்தென்ற புல்வெளியின் ஓரத்தில் குந்திக்கொண்டு, ஒரு மனிதர் குழியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். சத்தம் போடாமல் கிட்ட வாருங்கள்.

அவர் கையில் இருப்பது இரண்டு பக்கமும் பிடி வைத்த இரும்புக் குழல். பாதத்தால் புல்லைத் தடவி, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து, தலையைச் சாய்த்துச் சரிவைப் பார்க்கிறார். "இந்தா, இதில" என்று தனக்குத்தானே சொல்லிக் குழலை ஊன்றித் திருகுகிறார். முன்கை நரம்பு புடைக்கிறது. இழுத்து எடுத்ததும், மூங்கில் குழலிலிருந்து புட்டு வழுக்கி விழுகிற மாதிரி, உச்சியில் புல்லோடு மண் முழு உருளையாக வெளியே வருகிறது. அதைத் தூக்கிப்போய் நேற்றைய குழிக்குள் இறக்கி, உள்ளங்கையால் அழுத்தி, வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார். முடிந்தது. நேற்றுக் குழி இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்! நான் குனிந்து தேடுகிறேன், கண்டுபிடிக்க முடியவில்லை. கை தட்டிவிட்டேன்.

"இதுக்குக் கை தட்டின ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் அவர். சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த குழியை வெட்டும்போது கொஞ்சம் ஸ்டைலாகத் திருகினார் என்பதை நான் கவனித்தேன்.

குழியின் வாய் 108 மில்லிமீற்றர். ஸ்கொட்லாந்திலும் இந்த அளவுதான், இங்கேயும் இந்த அளவுதான். ஆனால் 'கிரீன்' என்று இவர்கள் சொல்லும் அந்தப் பட்டுப் பரப்பின் எந்த மூலையில் அது உட்காரும் என்பது விடியற்காலையில்தான் தீர்மானமாகிறது. ஒரே குழியைச் சுற்றி நாளெல்லாம் ஆட்கள் மிதித்தால் அந்த வட்டத்துப் புல் செத்துப்போகும். அதனால்தான் இந்த இடமாற்றம். அதோடு சின்னக் குறும்பும் உண்டு. "கெட்டிக்கார ஆக்கள் வந்தா மேட்டு ஓரமாப் போடுவம். பழகிற ஆக்கள் வந்தா நடுவில. இண்டைக்குக் கொழும்பில இருந்து ஒரு கூட்டம் வருது, கொஞ்சம் நெஞ்சு நிமித்தின ஆக்களாம்." குழி எங்கே விழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

இது ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ். பதினெட்டுக் குழி மைதானம், இலங்கை விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது. விமானப்படைத் தளபதி கிண்ணத்துக்காகப் பல தடவை இங்கே ஆடியிருக்கிறார்கள். பத்திரிகைகளில் வெற்றிக் கிண்ணத்தோடு நிற்கும் வெள்ளைத் தொப்பிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சல்லிக் கிராமத்துக்காரியான எனக்கு அதுகூடத் தூரத்துச் செய்திதான். எங்களுக்குக் கடல், கரைவலை, முத்துமாரியம்மன் கோயில் திருவிழா. விளையாட்டென்றால் கடற்கரை மணலில் பெடியள் போடும் கிரிக்கெட். சீனக்குடா என்றால் ரயில் நிலையம், பிரீமா மாவாலை, முட்கம்பி, சோதனைச்சாவடி. அந்தக் கம்பிக்கு உள்ளே இவ்வளவு பச்சை இருக்கிறதென்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே எனக்குள் ஓர் அரிப்பு. எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவருக்கு அங்கே புல்லுப் பிரிவில் வேலை. அவர் வழியாகக் கேட்டு, கடிதம் எழுதி, அடையாள அட்டைப் பிரதி கொடுத்து, ஒருவழியாக இந்தச் சனிக்கிழமை வாய்த்தது. உப்புவெளி தாண்டி, நகரம் தாண்டி, துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு இருட்டிலேயே வந்துவிட்டோம்.

வாயிலில் நின்ற சிப்பாய் என் பையைத் திறந்தார். தண்ணீர்ப்போத்தல், குறிப்புப் புத்தகம், ஒரு பைக்கற் மாரி பிஸ்கட், குடை. "கோல்ஃப் விளையாடவா?" என்று அரைத்தமிழில் கேட்டார். குடையைப் பார்த்துத்தான் கேட்டிருக்க வேண்டும். "புல்லு வெட்டிறதைப் பாக்க" என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்து உள்ளே விட்டார்கள்.

இனி உண்மையான பொக்கிஷம். கிளப் கட்டடத்தின் கண்ணாடிக் கதவு, குஷன் கதிரை எல்லாம் பிறகு பார்க்கலாம், அதெல்லாம் எல்லாருக்கும் காட்டுகிறதுதானே. தலையைக் குனிந்து இந்தத் தகரக் கொட்டிலுக்குள் வாருங்கள். கவனம், வலது பக்கம் கிரீஸ்.

பெற்றோல் மணமும் வெட்டின புல்லின் மணமும் கலந்து மூக்கில் ஏறுகிறது. சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஒரு வாழ்க்கை தொங்குகிறது: தொப்பி, மழைக்கோட்டு, எண் எழுதின சின்னக் கொடிகள், ஒற்றைச் சப்பாத்து (மற்றது எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்), எறும்பு ஏறாமல் உயரத்தில் கட்டின சோத்துப் பார்சல்கள். மேசையில் உடைந்த பிடி, சுருண்ட ஸ்பிரிங், தகர டின்னில் மரையாணி, மூடி தொலைந்த ஃபிளாஸ்க்கில் பிளேன்டீ. ஒரு மூலையில் அடுக்கி வைத்த இரும்பு வலைவாளிகள். முழுக்கப் பந்து. நூற்றுக்கணக்கில் வெள்ளைப் பந்து, ஓரிரண்டு மஞ்சள், ஒன்று மட்டும் ரோஸ் நிறம்.

"அது ஆற்ற?"

"ஒரு பெரிய சேரிண்ட. பேர் சொல்ல மாட்டம்."

நடுவில் ராஜமரியாதையோடு நிற்கின்றன புல்வெட்டிகள். வீட்டு முற்றத்தில் சுற்றும் விசிறிக் கத்தி வகை இல்லை. உருளையில் சுருண்டு சுற்றி வரும் அலகுகள், கீழே ஒரு படுக்கைக் கத்தி. இரண்டும் உரசும் இடத்தில் புல் கத்தரிபட வேண்டும். கிரீனில் புல்லின் உயரம் நாலைந்து மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாதாம். கூர் கொஞ்சம் மழுங்கினாலும் புல் வெட்டுப்படாமல் கிழிபடும். கிழிந்த நுனி மத்தியானத்துக்குள் பழுத்துப்போகும். ஆகவே தினமும் கூர் பார்க்கிறார்கள். எப்படி? பழைய பத்திரிகையில் ஒரு கீற்றுக் கிழித்து அலகுக்கு இடையில் வைத்து உருளையைக் கையால் மெல்லச் சுற்றுவார்கள். சவரம் செய்த சுத்தத்தில் தாள் இரண்டானால் சரி. எனக்காகச் செய்து காட்டினார்கள். ஒரு பிரமுகரின் முகம் மூக்கோடு இரண்டானது.

"பாத்துத்தான் எடுக்கிறீங்களோ?" என்றேன்.

"பேப்பரில அவங்கட படந்தானே மிஸ் கூட இருக்கு" என்றார் மெக்கானிக், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கொட்டில் குலுங்கியது.

ஆறு மணி. வெளியே ஓடுவோம், பனி தட்டுகிற நேரம். வளைந்து ஆடுகிற நீளக் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓர் இளம் வான்படை வீரர் கிரீன் முழுக்க இடமிருந்து வலம் வீசிக்கொண்டு நடக்கிறார். கம்பு போகிற வழியெல்லாம் பனித்துளி சிதறி வெள்ளி நிறம் கலைந்து பச்சை தெரிகிறது. ஈரத்தோடு வெட்டினால் புல் அலகில் அப்பிக்கொள்ளும், வெட்டுச் சீராக வராது. பின்னாலேயே புல்வெட்டி வருகிறது. போகும்போது ஒரு நிறம், திரும்பி வரும்போது இன்னொரு நிறம். தொலைக்காட்சியில் பார்க்கும் அந்த வரிவரியான பச்சைக்குச் சாயமெல்லாம் இல்லை, புல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான். நேர்கோடு தவறாமல் வரவேண்டும் என்பதற்காக வெட்டுகிறவர் கண்ணைத் தூரத்து மரமொன்றில் குத்தி வைத்துக்கொண்டு நடக்கிறார். அந்த நேரத்தில் கதை கொடுக்கக்கூடாது. நான் கொடுத்தேன். கையை மட்டும் ஆட்டி 'பிறகு' என்றார்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ அக்கா" என்று எங்கள் ஊர்த் தம்பி பின்னாலிருந்து சொன்னார். குதி வைத்த சப்பாத்து கிரீனில் பள்ளம் போட்டுவிடுமாம். கழற்றினேன். ஐயோ, அந்தக் குளிர்! அந்த மென்மை! இதை மிதிக்க ஆட்கள் ஏன் காசு கட்டுகிறார்கள் என்று அப்போது புரிந்தது. அவர்கள் ஆணி வைத்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு மிதிக்கிறார்களே என்று அவர்கள்மேல் கொஞ்சம் பரிதாபமும் வந்தது.

இந்தப் புல் என்ன சாதி என்று கேட்டீர்கள் அல்லவா? வெயில் நாட்டுக் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பாலும் ராச்சியம் நடத்துவது நம்முடைய அறுகும் அதன் உறவுகளும்தான். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற, கிள்ளி எடுத்துச் சாணிப் பிள்ளையாரின் தலையில் குத்துகிற அதே அறுகு. அமெரிக்காவின் தென்பகுதியில் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அங்கே கிளென் பேர்ட்டன் என்ற ஆய்வாளர் நம் அறுகையும் ஆபிரிக்க அறுகு ஒன்றையும் கலந்து, வெட்ட வெட்டக் குட்டையாகப் படரும் வகைகளை 1950களிலும் 60களிலும் உருவாக்கினார். 'டிஃப்' என்று தொடங்கும் பெயர்களோடு அவை உலகமெல்லாம் பரவின. வியர்க்கிற நாட்டில் ஸ்கொட்லாந்துக்காரன் விளையாட்டை விளையாட ஆசைப்பட்டவர்களுக்கு அறுகுதான் கைகொடுத்தது.

இதை எங்கள் தம்பியிடம் சொன்னேன். "அப்ப பிள்ளையாருக்கும் இவங்களுக்கும் ஒரே புல்லா?" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ளையார் உயரம் கேட்கிறதில்லை" என்றார்.

மணல் பள்ளங்களுக்குப் போவோம். 'பங்கர்' என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் ஞாபகம் வருவது வேறு குழி. நானும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வேலையைப் பார்த்தார்கள். வாரிக்கட்டையோடு நின்ற ஐயாவுக்கு வயது அறுபதைத் தொட்டிருக்கும். வாருவதற்கு முன் அவர் மணலை வாசிக்கிறார். "இது கீரி. வந்து திரும்பிப் போயிருக்கு. இது நாய், நொண்டி நாய், முன்னங்கால் ஒண்டு ஊன்றேல்ல. இந்தா, இது பாம்பு. பயப்படாதீங்க, இரவு போனது." மனித எழுத்தாளர் எவரும் எழுதாத அந்த ராத்திரிக் கதை முழுவதையும் வாசித்து முடித்து, பிறகு வாரிக்கட்டையால் ஒரே இழுப்பில் அழித்துவிடுகிறார். எட்டு மணிக்கு வருகிறவர்களுக்குக் கோடு கோடாக வெறும் மணல் மட்டும் தெரியும்.

இன்னொரு ரகசியம். அந்தப் பக்கம் புல் கொஞ்சம் உயர்ந்த இடத்தில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டியிருக்கிறதே, அதன் கிட்டப் போகாதீர்கள். போனால் ஆட்காட்டி உங்கள் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தித் தீர்த்துவிடும். வெறுந்தரையில் மூன்று முட்டை, மண் நிறத்தில் புள்ளி போட்டு, கூடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. புல்வெட்டி ஓட்டுகிறவர் முதல் நாள் கண்டு நிறுத்தியிருக்கிறார். அன்று முதல் அந்தத் துண்டு வெட்டப்படவில்லை. விளையாடுகிறவர்களின் பந்து அதற்குள் போனால்? "பந்தை விட்டிட்டு வரச் சொல்லுவம். முட்டை பொரிக்கிறமட்டும் அது அதுகிண்ட காணி."

ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறுகிறது. திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மே தொடங்கினால் கச்சான் காற்று. மேற்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். ஈரம் இருந்த இடம் தெரியாது. ஆவணி முடியுமட்டும் இவர்களுக்கு ஒரே போராட்டம் தண்ணீர்தான். பகலில் விட்டால் ஆவியாகும் என்று இரவிலும் விடியலிலும் விடுகிறார்கள். எந்த மேடு முதலில் வெளிறும், எந்தப் பள்ளம் கடைசிவரை தாங்கும் என்று வரைபடம் ஏதும் இல்லாமல் சொல்கிறார்கள். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மாரி கொட்டத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். இன்று வெட்டின புல் நாளைக்கு நிமிர்ந்து நிற்கும், வெட்ட இறங்கினால் சில்லுப் புதையும். "வெயிலுக்கும் திட்டுவம், மழைக்கும் திட்டுவம். வெள்ளாமைக்காரன் வேற என்ன செய்வான்?" என்றார் தம்பலகாமத்து அண்ணை ஒருவர். அவரைப் பிறகு மறுபடியும் சந்திப்போம், மறந்துவிடாதீர்கள்.

கொழும்புக் கூட்டம் வந்துவிட்டது! வாகனக் கதவுகள் அடிபடும் சத்தம். மெழுகு பூசின தொப்பிகள், பளிச்சென்ற சேட்டுகள், வெள்ளைக் கையுறை ஒற்றைக் கையில் மட்டும். கொட்டிலில் இருந்தவர்கள் சட்டென்று காணாமல் போகிறார்கள். சொல்லி வைத்தாற்போல் புல்வெட்டிகள் ஒதுங்குகின்றன, ஹோஸ் பைப் சுருள்கிறது, வாளி மறைகிறது. இரண்டு நிமிடத்துக்கு முன் முப்பது பேர் உழைத்த இடம் இது என்று சத்தியம் செய்தாலும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

வாருங்கள், சமையலறைப் பக்கத்தால் நுழைந்து பார்ப்போம். கட்லட் பொரிகிறது. ஒருவர் வெள்ளரிக்காயை மெல்லிய வட்டமாக வெட்டுகிறார், இன்னொருவர் பாணின் ஓரத்தை அரிந்து தள்ளுகிறார். அரிந்த ஓரமெல்லாம் ஒரு தட்டில் தனியாகச் சேர்கிறது. அது எங்கே போகும் என்று கேட்டேன். சட்டியில் கிடந்த சம்பலைக் கண்ணால் காட்டினார். நானும் இரண்டு துண்டு தொட்டுச் சாப்பிட்டேன். மேசையில் வெள்ளித்தட்டில் போகிற சாண்ட்விச்சைவிட அது ருசி என்று இங்கே பகிரங்கமாக எழுதி வைக்கிறேன்.

அடுத்து என் பெரிய கண்டுபிடிப்பு: கெடி. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிற ஆள் என்றுதானே நினைத்திருந்தோம்? பையில் பதினாலு மட்டைவரை இருக்கலாம் என்பது விதி. கூடவே பந்து, தண்ணீர், குடை, துவாய். அதை வெயிலில் பதினெட்டுக் குழிக்கும் தோளில் சுமக்கிறார்கள். ஆனால் சுமை பெரிதில்லையாம்; பெரிது, முகத்தைக் காப்பாற்றுவது. ஐயா ஓங்கி அடித்து, மண் மட்டும் பறந்து, பந்து இருந்த இடத்திலேயே இருக்கும்போது சிரிக்கக்கூடாது. "அப்ப என்ன செய்வீங்க?" "தூரத்தைப் பாப்பம். பந்து அங்க போனமாதிரியே பாப்பம்." மூத்த கெடி ஒருவர் அந்தப் பார்வையைச் செய்து காட்டினார். கையை நெற்றிக்குக் கொடுத்து, கண்ணைச் சுருக்கி, மரியாதையான ஒரு கவலையோடு. அடடா, எங்கள் ஊர்க் கூத்தில் இவ்வளவு நடிப்பு நான் பார்த்ததில்லை.

மட்டையைத் தேர்ந்தெடுப்பது வெளியில் பார்க்க ஐயாவின் முடிவு. உள்ளே நடப்பது வேறு. கெடி ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளி மேலே விடுவார். அது துறைமுகப் பக்கம் பறக்கிறதா, ஓடுபாதைப் பக்கம் பறக்கிறதா என்று பார்ப்பார். பிறகு சரியான மட்டையைப் பையிலிருந்து அரைவாசி இழுத்து நிறுத்தி வைத்துவிட்டு வேறெங்கோ பார்ப்பார். ஐயா கை தானாக அதற்குப் போகும். "நல்ல தெரிவு சேர்" என்பார் கெடி. சல்லியில் வலை போடுகிறவர்களும் காற்றை இப்படித்தான் மணலைத் தூவிப் பார்ப்பார்கள் என்றேன். அந்த மூத்தவர் முதன்முறையாக என்னை ஓர் ஆளாக மதித்துப் பார்த்தார். கொடியைக் கையில் தந்தார். "இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்க. நிழல் குழியில விழக்கூடாது. மூச்சு விடலாம்." நம்புங்கள், மூன்றாம் கிரீனில் கொடி பிடித்தது நான்! ஐயா ஒருவர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து, எல்லாரும் மௌனம். காகம்கூடக் கத்தவில்லை. அவர் மட்டையைப் பின்னால் இழுத்த அதே கணத்தில் ஓடுபாதைப் பக்கமிருந்து பயிற்சி விமானம் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது.

பந்து குழியைத் தாண்டி, சரிவில் இறங்கி, போய்க்கொண்டே இருந்தது. கெடிமார் எல்லாரும் தூரத்தைப் பார்த்தார்கள்.

விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் சகஜம். கொழும்பிலும் தப்பிக்க முடியாது: 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கி, பிறகு பொரளைக்கு இடம்பெயர்ந்த றோயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்கு நடுவால் களனிவெளி ரயில் போகிறது. ஆட்டத்தை நிறுத்தி ரயிலுக்கு வழிவிட வேண்டும். நுவரெலியா மைதானம் 1889இல் வந்தது. அதன் ஓரத்தில் மேஜர் றொஜர்ஸின் கல்லறை. ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகப் பேர் எடுத்த அந்த மனிதர் 1845இல் இடி விழுந்து செத்தார். கல்லறையிலும் இடி விழுந்தது என்று ஊரே சொல்லும். அங்கே கொஞ்சக் காலம் வேலை பார்த்த கெடி ஒருவர், மழை இருட்டினால் யானை சுட்ட பாவத்தை நினைத்துக்கொண்டு முதலில் ஓடுவது தாங்கள்தான், ஐயாமார் இல்லை என்றார். கையில் நீளமான இரும்பை நீட்டிக்கொண்டு வெட்டவெளியில் நிற்பவர்கள் அவர்கள்தானே என்று கேட்டேன். "அதுதானே! பை எங்கட தோளில எல்லோ" என்றார்.

நுவரெலியாவில் வானத்திலிருந்து விழுந்தது இடி என்றால், சீனக்குடாவில் விழுந்தது குண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் இந்த விமானத்தளத்தையும் தாக்கின. பக்கத்துக் காட்டுக்குள் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. உருகி வளைந்த அதன் இரும்பு இன்னும் கிடக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1940இல், லண்டனுக்குப் பக்கத்தில் குண்டு விழுந்த றிச்மண்ட் கோல்ஃப் கிளப் யுத்தகால விதிகள் போட்டிருந்தது. குண்டுச் சிதறலைப் பொறுக்கி எடுங்கள், இல்லாவிட்டால் புல்வெட்டி கெட்டுவிடும் என்பது ஒன்று. அடிக்கும் கணத்தில் குண்டு வெடித்து ஆட்டம் பிசகினால் இன்னொரு பந்து அடிக்கலாம், ஆனால் ஓர் அடி தண்டனை என்பது இன்னொன்று. இதைத் தமிழில் எடுத்துச் சொன்னபோது கொட்டிலில் பெரிய விவாதமே நடந்தது. குண்டு போட்டது எதிரி, தண்டனை ஏன் ஆடினவனுக்கு? மெக்கானிக்குக்கு முதல் விதி மட்டும் பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா, அந்த யுத்தத்திலயும் ஒருத்தன் புல்வெட்டியை யோசிச்சிருக்கிறான்."

பதினொன்றரை. பார்சல்கள் ஆணியிலிருந்து இறங்குகின்றன. நிழலில் சாக்கு விரித்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. லஞ்ச் ஷீட்டைப் பிரித்தால் ஒருவருக்குச் சூடை மீன் குழம்பும் கத்தரிக்காயும், ஒருவருக்குப் பருப்பும் பப்படமும். கிண்ணியா நானா ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாட்டிறைச்சிப் பொரியலை மூடியில் போட்டுச் சுற்றவிடுகிறார். எடுக்கிறவர் எடுக்க, மற்றவர் அடுத்த கைக்குத் தள்ளிவிடுகிறார். அநுராதபுரத்து இளம் வீரர் பலாக்காய்க் கறி கொண்டு வந்திருக்கிறார். எங்கள் தம்பியை அவர் சிங்களத்தில் 'மல்லி', அதாவது தம்பி என்கிறார். தம்பி அவரை 'அய்யே', அதாவது அண்ணா என்கிறார். இருவரில் யார் மூத்தவர் என்று பார்த்தால் இரண்டு மாத வித்தியாசமாம், அதை அந்த வீரர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

சேட்டுகள் எல்லாம் முதுகில் உப்புப் படம் வரைந்திருக்கின்றன. ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார், வாரிக்கட்டை பிடித்த இடம் காய்த்து மஞ்சளாகிக் கிடந்தது. தம்பலகாமத்து அண்ணையைச் சொன்னேனல்லவா? அவருக்கு வீட்டில் இரண்டு ஏக்கர் வயல். லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓட்டுகிற கை, இங்கே புல்வெட்டி ஓட்டுகிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே தன் சங்கடத்தைச் சொன்னார்:

"வீட்டில விடிய எழும்பி வரம்பில கிடக்கிற அறுகைக் கொத்திக் கொத்தி எறியிறன். கொத்தின கையைக் கழுவிப்போட்டு இங்க வாறன். இங்க அறுகுக்கு உரம் போடுறன், தண்ணி விடுறன், வேற புல்லு வந்தாப் பிடுங்கிறன். தப்பித்தவறி ஒரு நெல்லு முளைச்சாலும் பிடுங்கத்தான் வேணும். மனிசி கேக்கிறாள், இஞ்ச வளராத அறுகா அங்க வளர்க்கிறீங்க எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்க சம்பளம் மாசக்கடைசியில வரும், வயலில போகந்தான் எண்டன்."

பின்னேரம் கிளப் பக்கம் மறுபடியும் கலகலப்பு. யாரோ வென்றிருக்கிறார்கள். யாரோ கணக்கில் சண்டை போடுகிறார்கள். சின்னப் பென்சிலால் அட்டையில் எழுதின எண்களை மூன்று பேர் மூன்று தரம் கூட்டுகிறார்கள். எழுதி விரிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெயித்தவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரித்தான் பேசுவார்கள். நான் கொட்டிலுக்கே திரும்பிவிட்டேன். அங்கே மூத்த கெடி சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலைவாளிப் பந்துகளை ஒவ்வொன்றாகத் துவாயால் துடைத்து, உருட்டிப் பார்த்து, தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பந்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார், ஓரத்தில் நீல மையில் மூன்று புள்ளி. தங்கள் பந்து கலந்துவிடாமல் இருக்க ஆடுகிறவர்கள் இப்படி அடையாளம் வைப்பார்களாம்.

அதைப் பார்த்ததும் அவருக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. இளவயதில், வேறொரு மைதானத்தில். எது என்று கேட்காதீர்கள், சொல்லவில்லை. காலையில் ஒரு பெரிய ஐயா புதுப் பந்தை ஓங்கி அடித்துக் குளத்துக்குள் போட்டுவிட்டார். போனது போகட்டும் என்று பெரிய மனதோடு அவர் நடந்துவிட, பெடியன் ஒருவன் மத்தியானம் இறங்கி, சேற்றுக்குள் காலால் துழாவி எடுத்துக் கழுவி வைத்தான். பின்னேரம் அதே ஐயா கைவசம் பந்து முடிந்து, யாரிடமாவது விலைக்கு இருக்கிறதா என்று கேட்டு வந்தார். பெடியன் நீட்டினான். ஐயா திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று நீலப் புள்ளி.

"டேய், இது என்ட பந்து மாதிரி இருக்கே?"

"அதுதான் சேர்" என்றானாம் பெடியன், "உங்களுக்கு நல்லாப் பழகின பந்து. புதுசெண்டா நூறு, இது நூற்றைம்பது."

ஐயா கொடுத்தாரா என்று கேட்டேன்.

"கொடுத்தார், கொடுத்தார். கொடுத்திட்டு அதே குளத்துக்குள்ளதான் திருப்பியும் அடிச்சார்."